லீமாவில் பிறந்து ஹார்லெமில் சீடி விற்ற மனுசன்

இம்மோர்ட்டல் டெக்னிக். பெயரைக் கேட்டால் டிவி திருத்துகிற கடை என்றுதான் நினைக்கத் தோன்றும், ஆனால் ஆள் ராப் பாடகர். சொந்தப் பெயர் ஃபெலிப்பே அந்த்ரேஸ் கொரோனெல். 1978 பெப்ரவரியில் பெருவின் தலைநகர் லீமாவில், இராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்து, இரண்டு வயதில் குடும்பத்தோடு நியூயோர்க்கின் ஹார்லெமுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, அடிதடி, ஜெயில் எல்லாம் பார்த்து, மறுகா தெருவில் நின்று தன் சீடியைத் தானே விற்று உலகம் முழுக்க ஆள் சேர்த்தவர். இவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கண்ணில் படவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு ஒப்பந்தப் பத்திரம். வாழைச்சேனைப் பக்கம் தம்பி ஒருவன் ராப் எழுதுகிறான், நல்ல நாக்கு அவனுக்கு. அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சுற்றிவரப் போர்வையைத் தொங்கவிட்டு, போனில்தான் குரல் பதிவு. பாட்டு ஒன்று யூடியூப்பில் கொஞ்சம் ஓடியதும் வெளியூர்க் கொம்பனி ஒன்று வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டது. "அண்ண, இத ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க, சைன் வைக்கவா?" என்று கொண்டுவந்தான். பாடிய பாட்டு, இனிப் பாடப்போகிற பாட்டு எல்லாவற்றின் உரிமையும் என்றென்றைக்கும் பிரபஞ்சம் முழுவதிலும் கொம்பனிக்கே என்று அதில் இருந்தது. பிரபஞ்சம் முழுவதிலும்! பாசிக்குடாவைத் தாண்டி மேடை ஏறாத பொடியனுக்குச் செவ்வாய்க் கிரகத்து உரிமையும் கையை விட்டுப் போகும். அந்தத் தொழிலில் எல்லோரும் வழக்கமாகப் போடுகிற வாசகம்தான் இது, அந்த ஒரு கொம்பனியைத் திட்டிப் பிரயோசனமில்லை. சட்டம் சொல்ல நான் வக்கீல் இல்லை. இந்தப் பெரு நாட்டுக்காரரின் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

எனக்கு இவரை அறிமுகம் செய்தவன் ஸ்காபரோ மச்சான். சுனாமி அடித்து அடுத்த வருசம், 2005இல், மாமியைப் பார்க்க வந்திருந்தான். கல்லடியில் அப்போது பழைய ஒற்றைப் பாலம்தான், ஒரு பக்கத்து வாகனம் முழுக்க வந்து முடியும்வரை மற்றப் பக்கம் காத்து நிற்க வேணும். அப்படி நிற்கிற நேரத்தில்தான், வானுக்குள், பேனையால் பெயர் கிறுக்கியிருந்த எரித்த சீடி ஒன்றைப் போட்டான். பியானோ ஒன்று மெதுவாகத் தொடங்கியது. பின்சீட்டில் இருந்த மாமி, "நல்ல பாட்டாக் கிடக்கு மனே" என்றார். கொஞ்சத்தில் குரல் வந்தது. "என்னடா இவன், சண்டைக்கு வாறவன் மாதிரி?" மச்சான் சத்தத்தைக் குறைத்தான், நிப்பாட்டவில்லை.

அந்தப் பியானோ 'லவ் ஸ்டோரி' படத்து இசை என்பது எனக்குக் கனகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. காதல் படத்து மெட்டை அடியில் ஓடவிட்டு, மேலே, கோஷ்டி ஒன்றில் சேர்வதற்காகத் தன் முரட்டுத்தனத்தை நிரூபிக்க நினைக்கிற ஒரு பொடியனின் கதையை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். 'டான்ஸ் வித் த டெவில்' என்று பெயர், 2001இல் வந்த முதல் அல்பத்தில் உள்ள பாட்டு. முடிவை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு எனக்கு அதில் பாதி ஆங்கிலம்கூடப் பிடிபடவில்லை, மச்சான்தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னான், சொல்லும்போது மாமிக்குக் கேட்காமல் இரகசியமாகச் சொன்னான்.

பெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனுசனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியாது. 1980இல் அந்த நாட்டில் பன்னிரண்டு வருச இராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் வந்தது. வாக்களிப்புக்கு முதல் நாள், மே 17, அயகுச்சோ மலைப் பகுதியில் சுஸ்சி என்கிற சின்னக் கிராமத்தில், 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிஸ்ட் இயக்கம் வாக்குப்பெட்டிகளை எரித்தது. அதுதான் தொடக்கம். மறுகா இருபது வருசம் இழுத்தது. இயக்கம் ஒரு பக்கம், இராணுவம் மறுபக்கம், நடுவில் கிராமத்துச் சனம். இரவில் வந்து சோறு கேட்கிறவனுக்குக் கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். 2003இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டபோது, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 69,280 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நாலுபேருக்கு மூன்றுபேர் கெச்சுவா அல்லது வேறு பழங்குடி மொழி பேசுகிற சனம். லீமாவில் இருந்த வசதியான ஆட்களுக்கு அது கனகாலம் எங்கேயோ மலைக்கு அப்பால் நடக்கிற விசயமாகத்தான் இருந்தது.

மட்டக்களப்பில் "தொண்ணூறு" என்று, 1990இன் படுகொலைகளை நினைத்து, ஒரு சொல் சொன்னால் போதும், மிச்சத்தைக் கேட்கிறவரே நிரப்பிக்கொள்வார். அதனால் மேலே உள்ள பந்திக்கு நான் விளக்கவுரை எழுதப்போவதில்லை.

கொரோனெல் குடும்பம் வெளிக்கிட்டது அந்த 1980இலேயே. அவருக்குச் சண்டையைப் பற்றிச் சொந்த ஞாபகம் எதுவும் இருக்க முடியாது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம்? இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள், புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் அதேதான் சொல்கிறோம், "அங்க இருந்துகொண்டு கதைக்கிறது லேசு" என்று. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு குறைவு. வீட்டில் பெரியவர்கள் எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதைப் பார்த்தே வளர்கிற பிள்ளைக்கும் அது சொந்தக் கதைதான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற மாயா அருள்பிரகாசத்தை எடுங்கள், லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்து, திரும்ப லண்டனுக்கே அகதியாகப் போனவர். 2005இல் தன் முதல் அல்பத்துக்குத் தகப்பனின் இயக்கப் பெயரையே வைத்தார். அவரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய, அதை விடுவோம்.

ஹார்லெமில் வளர்ந்த கொரோனெலுக்குப் புத்திக்குக் குறைவில்லை. ஹன்டர் கல்லூரி உயர்நிலைப் பள்ளி என்பது பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம், அங்கே படித்தார். படித்தார் என்பதைவிட அடித்தார் என்று சொல்லலாம். அதே பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கீழ் வகுப்பில் இருந்தவர் லின்-மனுவெல் மிராண்டா, பிற்காலத்தில் 'ஹமில்டன்' என்ற இசை நாடகத்தை எழுதி உலகப் புகழ் அடைந்தவர். தன்னைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டவர்களில் கொரோனெலும் ஒருவர் என்று மிராண்டாவே சிரித்துச் சிரித்துப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், பிறகு இருவரும் சிநேகிதமாகிவிட்டார்களாம். ஒரே பள்ளிக்கூடம், இரண்டுபேரும் லத்தீனோ குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டுபேரும் ராப்பைக் கையில் எடுத்தவர்கள். ஒருவர் பிராட்வே மேடைக்குப் போனார், மற்றவர் ஜெயிலுக்குப் போனார்.

பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் கை சும்மா இருக்கவில்லை. சக மாணவர்களோடு அடிபட்டு, கடுமையான தாக்குதல் வழக்கில் ஒரு வருசம் உள்ளே இருந்தார். அங்கேதான் ஊன்றி வாசிக்கவும் எழுதவும் தொடங்கினார். 1999இல் பரோலில் வெளியே வந்தபோது தகப்பன் ஒரு நிபந்தனை போட்டார்: என் வீட்டில் இருப்பதென்றால் படிக்க வேணும். நியூயோர்க்கின் பரூக் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் இரண்டு தவணை படித்தார். அந்தத் தகப்பனை எனக்குப் பிடிக்கும். ஜெயிலில் இருந்து வந்த மகனை வாசலில் வைத்துத் திட்டாமல், ஊர் என்ன சொல்லும் என்று ஒளித்து வைக்காமல், புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் அப்படி வந்த பிள்ளையை முதலில் கட்டாருக்கு அனுப்பத்தான் பார்ப்பார்கள்.

பகலில் படிப்பு, மற்ற நேரம் ராப் போட்டி. இந்தப் போட்டியை எப்படி விளக்குவது என்று யோசித்தால், எங்கள் ஊர்க் கொம்புமுறி விளையாட்டுத்தான் முன்னுக்கு வருகிறது. வடசேரிக்காரரும் தென்சேரிக்காரரும் எதிரெதிரே நின்று வசைக்கவி பாடுவார்களே, எதிராளியின் பரம்பரை வரைக்கும் இழுத்து, கேட்கிற சனம் விழுந்து விழுந்து சிரிக்க, அந்த மாதிரி. வித்தியாசம், இங்கே சேரி கிடையாது, தனி ஆளுக்குத் தனி ஆள், அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேணும். அந்தப் போட்டிகளில் வென்ற காசில்தான் முதல் அல்பமான 'ரெவலூஷனரி வொலியூம் 1' வந்தது. கொம்பனி இல்லை, விநியோகஸ்தர் இல்லை. சீடியைப் பையில் போட்டுக்கொண்டு தெருவிலும் நிகழ்ச்சி நடக்கிற மண்டப வாசல்களிலும் நின்று கைக்குக் கை விற்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இவர்மேல் உண்மையான மரியாதை வருகிறது. புரட்சி, ஏகாதிபத்தியம் என்று பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே நின்று, "இது நான் பாடினது, கேட்டுப்பார், காசு தா" என்று சொல்கிறவர்கள் குறைவு. தெருவில் போகிறவன் இரண்டு விநாடிதான் நிற்பான். அவனை நிறுத்தத் தெரிந்தவனுக்கு வரியில் எந்த இடத்தில் அடிக்க வேணும் என்பதும் தெரிந்துவிடும். நான் ஒரு காலம் ரெக்கோடிங் பாரில் நின்றவன், கசெட்டில் பாட்டு அடித்துக் கொடுக்கிற வேலை. வாடிக்கையாளர் துண்டில் எழுதிக்கொண்டு வருகிற பட்டியலைப் பார்த்தாலே ஆள் காதலிக்கிறாரா, வெளிநாடு போகப்போகிறாரா என்று சொல்லிவிடலாம். பாட்டை வாங்குகிறவனின் முகம் பார்க்கிற தொழில் அது. இப்போது வெறும் எண்ணிக்கைதான் தெரிகிறது.

2002 நவம்பரில் 'த சோர்ஸ்' என்ற ராப் சஞ்சிகை, ஒப்பந்தம் கிடைக்காத திறமைசாலிகளுக்கான தன் பத்தியில் இவரைப் போட்டது. பெரிய ராப் பாடகரான நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. கூட ஆரம்பத்தில் அதே பத்தியில்தான் வெளியே தெரிந்தவர். வழக்கப்படி அதற்குப் பிறகு பெரிய கொம்பனி, பெரிய கார். பெரிய கொம்பனிகள் இவரையும் தேடி வந்தன, இவர் போகவில்லை. 2003இல் வைப்பர் ரெக்கோர்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தோடு இரண்டாவது அல்பத்தைக் கொண்டுவந்தார். பெருவின் ஆணைக்குழு அறிக்கை வந்த அதே வருசம். அந்த அல்பத்தின் தொடக்கத்தில் கேட்கிற குரல் மூமியா அபு-ஜமாலுடையது, அப்போது பென்சில்வேனியாவில் மரண தண்டனைக் கைதியாக இருந்த பத்திரிகையாளர். எந்தப் பெரிய கொம்பனி இதற்குச் சம்மதித்திருக்கும்?

அந்த அல்பத்தில் உள்ள 'பெருவியன் கொக்கெயின்' பாட்டை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஒரு பாட்டு, ஏழு பாடகர்கள், ஏழு பாத்திரங்கள். முதலில் கொக்கா தோட்டத்துக் கூலியாள், அந்தப் பகுதியைப் பாடுகிறவர் கொரோனெல்தான். பிறகு தோட்ட முதலாளி, நாட்டின் தலைவர், சாமானை அமெரிக்காவுக்குள் இறக்குகிறவர், விநியோகிக்கிறவர், பொலிஸ் என்று கைமாறிக் கைமாறிக் கடைசியில் கம்பிக்குப் பின்னால் இருக்கிற ஒருவன். கொக்கா இலை அந்தீஸ் மலைச் சனம் காலங்காலமாக மெல்லுகிற இலை, எங்கள் வெற்றிலை மாதிரிச் சடங்குக்கும் உண்டு, களைப்புக்கும் உண்டு. அதைத் தூளாக்கி வடக்கே அனுப்பத் தொடங்கியபோது காசு ஒரு பக்கம் போனது, பிணம் ஒரு பக்கம் விழுந்தது. பெருவில் கொக்கா மிகுதியாக விளைந்த மேல் ஹுவாயாகா பள்ளத்தாக்கில்தான் ஒளிரும் பாதைக்கும் பிடி இருந்தது. பாட்டில் பிரசங்கமே இல்லை, ஆளாளுக்குத் தன் நியாயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், கூத்தில் கொலு வருகிற பாத்திரங்கள் தங்கள் வரவைத் தாங்களே பாடுவது போல. இங்கேயும் ஐஸ் என்கிற போதைப்பொருளோடு பிடிபட்டுப் பேப்பரில் படம் வருவது கடைசியில் நிற்கிற பொடியன்தானே, படகுக்குக் காசு போட்டவரின் படம் வந்ததை நான் பார்த்ததில்லை.

முதல் அல்பத்தில் 'பொவர்ட்டி ஒஃப் ஃபிலோசஃபி' என்று ஒன்று இருக்கிறது, கார்ல் மார்க்ஸின் புத்தகத் தலைப்பு. அது பாட்டு இல்லை, பேச்சு. லத்தீனோக்கள் ஏன் தங்கள் நாட்டை விட்டு அமெரிக்காவுக்கு வருகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டு, பணக்கார லத்தீனோக்களையும் கறுப்பர்களையும்விட உழைக்கிற வெள்ளைக்காரனோடுதான் எனக்கு ஒற்றுமை அதிகம் என்கிறார். தன் ஆட்களைப் பார்த்தே இதைச் சொல்வதற்குத் துணிவு வேணும். "எங்கட ஆக்கள்" என்று சொல்லிக்கொண்டே வயல் குத்தகையில் கழுத்தை நெரிக்கிறவர்களை அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டத்திலும் நான் பார்த்திருக்கிறேன், தமிழரிலும் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு. ஆனால் அதை மேடையில் சொன்னால் "இப்ப இதக் கதைக்கிற நேரமா?" என்று வாயை மூடிவிடுவார்கள்.

2008இல் 'த தேர்ட் வேர்ல்ட்' வந்தது. அதற்குப் பிறகு அந்த வருமானத்தை எடுத்துக்கொண்டு காபூலுக்குப் போய், ஒமெய்ட் இன்டர்நெஷனல் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்ட உதவினார், பெரிய கொம்பனிகளின் அனுசரணை எதுவும் இல்லாமல். சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். கக்கூசுக்குக்கூட உபயம் இன்னார் என்று போர்ட் தொங்கின காலம் அது.

ஆளைத் தெய்வமாக்கவும் விருப்பமில்லை. 2005இல் மொஸ் டெஃப் என்ற ராப் பாடகரோடு சேர்ந்து வெளியிட்ட 'பின் லாடன்' பாட்டின் கோரஸ், இரட்டைக் கோபுரத்தை விழுத்தியது புஷ்தான் என்கிறது. அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கையைத் திட்ட நூறு உண்மையான காரணம் இருக்கும்போது இந்தச் சதிக் கதை எதற்கு? பழைய பாடல்களில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்கிற சொற்களும் கிடக்கின்றன, கேட்கும்போது முகம் சுளிக்கிறது. கொம்பனி இல்லை என்றால், "இந்த வரி வேண்டாம் மச்சான்" என்று சொல்லவும் ஆள் இல்லை. இன்னொன்று, வேகம். 2011இல் 'த மார்ட்டர்' என்ற தொகுப்பை இலவசமாகவே இணையத்தில் விட்டார், அதற்குப் பிறகு முழு அல்பத்துக்காக இரசிகர்கள் வருசக் கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள். தலைக்குமேல் நின்று திகதி கேட்க யாரும் இல்லாவிட்டால் இப்படியும் ஆகும்.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி, ஒப்பந்தக் கணக்கையும் துண்டில் போட்டுக் காட்டினேன். உதாரணத்துக்கு ஒரு இலட்சம் முற்பணம் தருகிறான், வீடியோவுக்கு மூன்று இலட்சம் செலவழிக்கிறான் என்று வை. அந்த நாலு இலட்சமும் உன் பங்கில் இருந்துதான் கழிபடும். வருமானத்தில் உன் பங்கு நூற்றுக்குப் பதினைந்து என்றால், பாட்டு இருபத்தாறு, இருபத்தேழு இலட்சம் உழைத்த பிறகுதான் உன் கைக்கு அடுத்த ரூபா வரும். அதுவரைக்கும் பாட்டு அவனுடையது, அதற்குப் பிறகும் அவனுடையதுதான். பொடியன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுகா கேட்டான்: "அண்ண, அந்தாள் சீடி வித்த. இப்ப ஆருட்ட சீடி பிளேயர் கிடக்கு? நான் எதக் கொண்டுபோய் விக்கிற?"

நியாயமான கேள்வி. கல்முனை ரூட்டில் ஓடுகிற தனியார் பஸ்களில் பென் டிரைவில்தான் பாட்டுப் போகிறது, அதில் தொடங்கு என்றேன், பஸ்ஸுக்குள் இருக்கிற சனம் எந்த வரியில் தலையைத் திருப்புகிறது என்று பின்சீட்டில் இருந்து பார். போன கிழமை ஒரு நடத்துனரிடம் கொடுத்திருக்கிறான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை, மாட்டேன் என்றும் இன்னும் சொல்லவில்லை. அது அவன் பாடு.

கேட்டுப்பார்க்க நினைக்கிறவர்கள் 'பெருவியன் கொக்கெயின்' பாட்டில் தொடங்குங்கள், பிறகு 'பொவர்ட்டி ஒஃப் ஃபிலோசஃபி' பேச்சு, 'டான்ஸ் வித் த டெவில்' கடைசியில். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். சரியான வேகம் ஆள், வரிகளை இன்னொரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால்தான் பிடிபடும்.